எலக்ட்ரானும் முழங்கால் தைலமும்

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் செய்முறைத் தேர்வில் நான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். முதல் முறை எனக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை தோற்றதற்கான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் யாரும் அந்தக் கருவியைத் தொடுவதில்லை. மூத்த மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, எண்களை அப்படியே பார்த்து எழுதி, கடைசியில் 1.60 என்று போட்டு, அதன் அடியில் இரண்டு கோடு இழுப்போம். அவ்வளவுதான் சோதனை. அந்த மூத்தவரும் தனக்கு மூத்தவரிடம் நோட்டு வாங்கியிருப்பார். எனக்கு வாய்த்தது மிகப் பழைய நோட்டு. மேலுறை கிழிந்து பெயர் போயிருந்தது. அவசரத்தில் தேதியையும் சேர்த்துப் பார்த்து எழுதிவிட்டேன். அந்தத் தேதியில் நான் பிறக்கவே இல்லை.

ஆகவே மூன்றாம் முறைக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். நான் நிஜமாகவே அளக்க வேண்டும். ஆய்வகப் பணியாளர் இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் எனக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். 'நாரை' வந்திருந்தது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பூமியிலிருந்து பொருநைக்கு வரும் கப்பல் அது. ஐந்து நாள் நிற்கும். தேர்ச்சி பெற்றவர்களை மேற்படிப்புக்கு ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். இந்த முறை விட்டால் எனக்கு இருபத்தேழு வயதாகும்வரை காத்திருக்க வேண்டும். நான் படித்த கதைகளில் எல்லாம் யாராவது ஒருவர் கடற்கரையில் நின்று, சொல்ல முடியாத எதையோ நினைத்துப் பெருமூச்சு விடுவார். எனக்கும் ஒருமுறை அப்படி நின்று பெருமூச்சு விட வேண்டும். எங்கள் ஊரின் மிகப் பெரிய நீர்நிலை கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் தொட்டி. அதன் முன்னால் நின்றால் கொசு கடிக்கும்.

பொருநை ஒரு சக்கரம். செவ்வாய்க்கு அப்பால், இருட்டில், தன்னந்தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்புக்கு உள்ளே நாங்கள் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறோம். நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுழற்சிதான் எங்கள் கால்களைத் தரையில் அழுத்தி வைத்திருக்கிறது. அதனால் எங்கள் ஊரில் நிமிடம் என்று யாரும் சொல்வதில்லை. "ரெண்டு சுத்து பொறு, வாறேன்" என்பார்கள்.

"ஏட்டி எழிலி, எண்ணெய் அடிக்கட்டா?" என்றார் இசக்கியக்கா.

"அடிங்கக்கா."

புஸ்ஸென்று ஒரு சத்தம். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்த் துளிகள் மிதந்து இறங்கின. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கறுப்புப் பின்னணியில் நூறு நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு அது விழ எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு தட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்துக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் துளி விழாமல் அந்தரத்தில் நின்றுவிடும். விழும் வேகத்திலிருந்து துளியின் பருமன் தெரியும். எத்தனை வோல்டில் நிற்கிறது என்பதிலிருந்து அதில் ஒட்டியிருக்கும் மின்னூட்டம் தெரியும். அந்த மின்னூட்டம் எப்போதும் ஒரு சின்ன எண்ணின் ஒரு மடங்கு, இரு மடங்கு, ஐந்து மடங்கு என்றுதான் வரும். அந்தச் சின்ன எண்தான் எலக்ட்ரான்.

முதல் துளி நின்றபோது நான் மூச்சு விடவில்லை.

"என்னட்டி, செத்துகித்துப் போனியா?"

"நிக்குதுக்கா. அப்படியே நிக்குது."

"நிக்கட்டும். நீ மூச்சு விடு."

அவரையும் பார்க்கச் சொன்னேன். இருபத்தாறு வருடமாக அந்தக் கருவியைத் துடைத்து வைத்தவர் முதன்முறையாக அதற்குள் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "அடியாத்தீ, இது இவ்வளவு அழகா இருக்கும்னு ஒருத்தனும் சொல்லலியே" என்றார்.

மூன்று நாட்களில் பதினொரு துளிகளை அளந்தேன். மின்சாரத்தை அக்கா மீட்டரில் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இ. இசக்கியம்மாள்' என்று சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்கென்றே ஒரு புதுப் பேனா கொண்டுவந்திருந்தார். திருகாணி, கம்பி, இணைப்பு முனை எல்லாவற்றையும் அவர் காலி முழங்கால் தைல டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். அலமாரி முழுக்க அந்தப் பச்சை டப்பாக்கள்தான். ஒன்றைத் தேடும்போது கவிழ்ந்தது. அடித்தகரத்தில் சின்னதாக ஏதோ எண் குத்தியிருந்தது. தயாரிப்பு எண்ணாக இருக்கும் என்று நிமிர்த்தி வைத்தேன்.

"இம்புட்டு டப்பாவும் நீங்க தேய்ச்சதாக்கா?"

"பின்னே? பத்து வருசத்துக்கு முந்தி எனக்கு இந்த மாடிப்படி ஏற முடியாது. இப்பம் பாரு." படியில் இறங்கி, ஏறி, இறங்கிக் காட்டினார். "வைத்தியர் தைலம் தெய்வம் மாதிரி. ஊருல எந்தக் கிழவிக்காவது முழங்கால் வலிக்குதா, சொல்லு பாப்போம்?"

உண்மைதான். எங்கள் ஊரில் அறுபது வயதுக்காரர்கள் கும்மியடித்தார்கள்.

பதினொரு துளிகளுக்கும் கணக்குப் போட்டேன். விடை 1.54 வந்தது. அழித்துவிட்டு இன்னும் இரண்டு முறை போட்டேன். 1.54.

துறைத் தலைவர் கோமதிநாயகம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். தனக்கும் நினைக்காதவர்.

"என்னம்மா இது, எல்லாருக்கும் 1.60 வரும். ஒனக்கு மட்டும் எலக்ட்ரான் எளைச்சுப் போச்சா?"

"மூணு தடவை போட்டுப் பாத்தேன் சார்."

அவர் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "ஒண்ணும் பெரிய விசயமில்ல. இங்க பாரு, நானூத்தித் தொண்ணூறு வோல்ட்டுன்னு போட்டிருக்க. நானூத்தி எழுவதுன்னு ஆக்கிரு. எல்லா வோல்ட்டுலயும் ஒரு இருபதைக் கொறை. டக்குனு 1.60 வந்துரும். நாளைக்குத் தேர்வு. நாளன்னிக்குக் கப்பல். கடலப் பாக்கணும்னு சொன்னேல்லா?"

கடல் என்று அவர் சொன்னது எனக்கு வலித்தது. ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து அழிப்பானைக் கையில் எடுத்தேன். நானூற்றுத் தொண்ணூறு. அந்த ஒன்பதை ஏழாக்கினால் போதும்.

"என்ன செய்யுத?" என்றார் அக்கா.

சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. புதுப் பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். "ஒன் நோட்டு, ஒன் இஷ்டம். ஆனா நான் என் கண்ணால நானூத்தித் தொண்ணூறுன்னு பாத்துல்லா கையெழுத்துப் போட்டேன். இருவத்தாறு வருசத்துல என்கிட்ட எவனும் கையெழுத்துக் கேட்டதில்ல. மொத மொதப் போட்டதப் பொய்க் கையெழுத்தாக்கிராத. அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுதிக்கோ. நான் பாக்கல."

நான் அழிப்பானைத் திருகாணி டப்பாவுக்குள் போட்டேன். போட்ட பிறகு கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை வெளித்தேர்வாளர் டாக்டர் அருமைநாயகம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். பூமிக்காரர். ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்; உடனே எழுந்தார்; மறுபடி உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் எங்களைப் பார்த்து. "பூமியில மூணு படி ஏறினா இந்த முழங்கால் 'என்னை விட்டுடு'ன்னு கெஞ்சும். உங்க ஊருத் தைலம் பிரமாதம்! ஆறு டப்பா வாங்கியிருக்கேன்."

"ஆறு போதாது சார்" என்றார் இசக்கியக்கா. "ஒரு டசன் வாங்குங்க."

கோமதிநாயகம் சார் செருமினார். தேர்வாளர் என் நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவருடைய உற்சாகம் கொஞ்சம் இறங்கியது.

"ஒண்ணு புள்ளி அஞ்சு நாலா? அம்மா, தைலம் போட வேண்டியது என் முழங்காலுக்கு இல்ல, உங்க கணக்குக்கு."

"கணக்கு சரிதான் சார்."

"அப்ப அளவு தப்பு. மீட்டர்?"

"ரெண்டு மீட்டர் வச்சுப் பாத்தேன் சார். ரெண்டும் ஒண்ணுதான் காட்டுச்சு."

கோமதிநாயகம் சார் முன்னால் வந்தார். "எண்ணெய்! பூமியில இருந்து வந்த எண்ணெய் இன்னுமா இருக்கு? இசக்கி, நீ எதையாவது மாத்தி ஊத்தினியா?"

"அந்த எண்ணெய் தீந்து நாலு வருசமாச்சு சார். வைத்தியர் கடையில தைல எண்ணெய், கற்பூரம் போடுததுக்கு முந்தி ஒரு போத்தல் வாங்கியாந்து ஊத்தி வச்சிருக்கேன். கொஞ்சம் வாசனையாவும் இருக்கும்லா."

சார் வெற்றிப் புன்னகையோடு தேர்வாளரைப் பார்த்தார். "கேட்டீங்களா? எண்ணெயோட அடர்த்தி வேற. அதான் தப்பு."

"அடர்த்திய நானே எடுத்தேன் சார்" என்றேன். "தராசுல வச்சு. அந்த எண்ணைத்தான் கணக்குல போட்டிருக்கேன். நாலாம் பக்கம்."

தேர்வாளர் நாலாம் பக்கத்தைப் பார்த்தார். இசக்கியம்மாளின் கையெழுத்தையும் பார்த்தார். முதல் முறையாக என்னைச் சரியாகப் பார்த்தார்.

"தட்டுகளுக்கு நடுவில இடைவெளி?"

"அளந்தேன் சார்."

"காத்து?"

"வெப்பநிலை பாத்துப் போட்டேன் சார்."

"சரி. உங்க கணக்குல நீங்களே அளக்காத எண் ஏதாவது இருக்கா?"

நான் யோசித்தேன். ஒவ்வொரு வரியாக மனசுக்குள் ஓட்டினேன். "ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். ஜி. கீழ இழுக்கற இழுப்பு. 9.80. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, புத்தகத்துல இருந்து எடுத்தேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் அவருடைய முழங்காலில் போய் நின்றது. அது மேசைக்கு அடியில் குழந்தையின் கால்போல ஆடிக்கொண்டிருந்தது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"தேர்வுல நான்தான் கேக்கணும். பரவாயில்ல, கேளுங்க."

"வலி எப்ப நின்னுச்சு? தைலம் தேய்ச்ச பொறவா, முந்தியா?"

"இதென்ன கேள்வி? தேய்ச்ச பிறகுதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கால் ஆடுவதும் நின்றது. "கப்பல்ல இருந்து இறங்கினது செவ்வாய். சாயங்காலம் ஊரைச் சுத்திப் பாத்தேன். வலியே இல்ல. கடைக்குப் போனது..." அவர் விரல்விட்டு எண்ணினார். "புதன்."



"எலக்ட்ரான் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான் சார்" என்றேன். "அது எளைக்காது. இழுப்பு கொறைஞ்சா துளி மெதுவா விழும். மெதுவா விழுறதப் பாத்து, நான் அதைச் சின்னத் துளின்னு நினைச்சுக்குவேன். சின்னத் துளின்னு நினைச்சா அதோட மின்னூட்டமும் கொறைச்சலா வரும். அதான் 1.54. நம்ம ஊரு மெதுவாச் சுத்துது சார்."

"அபத்தம்" என்றார் கோமதிநாயகம் சார். "முதலாண்டுல ஊசல் வச்சு எல்லாரும்தான் ஜி அளக்காங்க. எல்லாருக்கும் 9.80 வருது. ஒனக்கும் வந்துச்சு."

"நான் ஊசலத் தொங்கவிடவே இல்ல சார். 9.80ன்னு எழுதினேன். எல்லாரும் அப்படித்தான்."

தேர்வாளர் எழுந்தார். "ஊசலை எடுங்க. இப்பவே பாத்துடலாம்."

இசக்கியக்கா தரையைப் பார்த்தார். "ஊசல் குண்டு எங்க வீட்டுல இருக்கு சார். அரிசிப் பானைக்கு மூடி நிக்க மாட்டேங்குதுன்னு எடுத்துட்டுப் போனேன். பதினெட்டு வருசமாச்சு. ஒருத்தரும் தேடல."

தேர்வாளர் சிரித்த சிரிப்பில் தட்டுகளுக்கு நடுவில் இருந்த துளிகள்கூட அதிர்ந்திருக்கும். பிறகு கேட்டார்: "நட்சத்திரம் தெரியற ஜன்னல் ஏதாவது இருக்கா?"

கல்லூரி நடையின் தரையில் ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. சக்கரத்தின் வெளிப்பக்கம் எங்களுக்குக் கீழ்ப்பக்கம். அதனால் நட்சத்திரங்கள் காலுக்கு அடியில் ஓடும். நானும் தேர்வாளரும் இசக்கியக்காவும் குப்புறப் படுத்துக்கொண்டோம். கோமதிநாயகம் சார் வேட்டி அழுக்காகும் என்று நின்றுகொண்டார். ஒரு சிவந்த நட்சத்திரம் சாளரத்தின் விளிம்பைத் தொட்டதும் தேர்வாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூமியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கடிகாரம் அது.

"பத்து சுத்து எண்ணுவோம். சரியா பத்து நிமிஷம் ஆகணும்."

"ஒண்ணு" என்றார் அக்கா, அந்தச் சிவப்பு மறுபடி வந்தபோது.

படுத்துக்கொண்டே தேர்வாளர் பேசினார். "இந்தச் சோதனைய முதல்ல செஞ்ச காலத்துல தண்ணித் துளிய வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஆவியாகிப் போயிடும். அப்புறம்தான் எண்ணெய். நாள் கணக்கா, மாசக் கணக்கா, ஒத்தைக் கண்ணால பாத்திருக்காங்க. அப்ப வந்த விடையில ஒரு சின்னப் பிழை. காத்தோட பிசுபிசுப்பத் தப்பா எடுத்துட்டாங்க. அதனால விடை ஒரு மயிரிழை கம்மி. இதுல தப்பில்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை."

"ரெண்டு" என்றார் அக்கா. "என்ன நடந்துச்சு சார்?"

"அடுத்தவங்க அளந்தாங்க. கொஞ்சம் கூட வந்துச்சு. 'ஐயோ, பெரியவர் சொன்னதை விட்டு ரொம்ப விலகிட்டமே'ன்னு பயந்து, கூட வந்ததையெல்லாம் தப்புன்னு ஒதுக்கிட்டாங்க. கொஞ்சமா விலகினதை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அதுக்கு அடுத்தவங்க இன்னும் கொஞ்சம். ஒரே தாவுல போக வேண்டிய எடத்துக்குப் பூனை நடை நடந்து போய்ச் சேந்தாங்க."

"அப்பம் இந்த நோட்டுப் பாத்து எழுதுதது அந்தக் காலத்துலயே உண்டுன்னு சொல்லுங்க" என்றார் அக்கா நிம்மதியாக. "மூணு."

என் சித்தி மகன் பரணியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்துக்கு முன் 'நாரை'யில் போனவன். பூமியில் இறங்கிய முதல் நாளே படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். குடித்திருந்தான் என்று ஊரில் பேச்சு. அவனுக்கு முன்னால் போனவர்களுக்கும் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பூமித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொன்னோம். பரணிக்கு மட்டும் அந்தச் சமாதானம் கிடைக்கவில்லை. சித்தி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

"பத்து!" என்றார் அக்கா.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அதை எனக்குக் காட்டினார். பத்து நிமிடம் இருபத்துநான்கு வினாடி.

ஒரு சுற்றுக்கு அறுபத்திரண்டு வினாடிக்கு மேல். அங்கேயே, தரையில் படுத்தபடியே கணக்குப் போட்டேன். ஜி 9.80 அல்ல, 9.06. அந்த எண்ணை என் கணக்கில் வைத்து மறுபடி போட்டேன். பேனா கடைசி வரிக்கு வந்தபோது நான் பார்த்து எழுதாத, யாரிடமும் கடன் வாங்காத ஒரு எண் மெல்ல எழுந்து வந்தது.

1.60.

அடியில் இரண்டு கோடு இழுத்தேன். இசக்கியக்கா பேனாவைத் திறந்தார்.

அன்று மதியமே நாங்கள் நாலு பேரும் சுழற்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே பொறுப்பில் இருந்த செண்பகராமன் எங்கள் கல்லூரியில் படித்தவர்தான். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, புண்பட்டவராகப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தினமும் 9.80. இருபது வருடமாக 9.80. பக்கத்தைப் புரட்டினேன். நாளைய தேதிக்கு நேரேயும் 9.80 இருந்தது. அடுத்த மாதத்துக்கும் இருந்தது. அந்தக் கட்டத்தில் அந்த எண் அச்சிலேயே வந்திருந்தது.

"வேற எண் வந்தா மூணு பிரதியில விளக்கம் எழுதணும்" என்றார் செண்பகராமன். "அதான் அச்சுல போட்டுட்டோம். கருவி கொறைச்சுக் காட்டத்தான் செய்யுது. அதுக்கு வயசாச்சுல்லா? வருசா வருசம் திருகாணியத் திருகிச் சரி பண்ணிருவோம்."

"கப்பல் வந்து ஒட்டும்போதுகூடவா தெரியல?" என்றேன்.

"கப்பல் தன் பாட்டுக்குச் சுழற்சியப் பாத்து ஒத்துப்போய் ஒட்டிக்கும்" என்றார் தேர்வாளர். "எந்த எண்ணையும் யாரும் கேக்கறதில்ல."

ஏன் மெதுவானது என்பதை இசக்கியக்காதான் கண்டுபிடித்தார். அவர் வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். "சின்னப் புள்ளையில தட்டாமாலை சுத்தும்போது கைய நீட்டுனா வேகம் கொறையும்லா. ஊரும் கைய நீட்டிருச்சு. சக்கரத்து நடுவுல சேத்து வச்சிருந்த பனிக்கட்டிய எல்லாம் தண்ணியாக்கி விளிம்புல தொட்டி கட்டிட்டோம். வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில கீழ்க்கட்டு வேற. அனுமதி வாங்கினவன் எத்தன பேரு? சார் வீட்டுலயே ரெண்டு கீழ்க்கட்டு."

கோமதிநாயகம் சார் செண்பகராமனின் பதிவேட்டை மிகுந்த ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை ஊர்க்கூட்டம். பாதிப் பேருக்கு உண்மையைவிட முழங்கால்தான் முக்கியமாக இருந்தது. "இத்தன வருசம் நல்லா இருந்தோம். இந்தப் புள்ள எதுக்கு இப்பம் அளந்துச்சு?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். கைதட்டல்கூட விழுந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து என் சித்தி எழுந்தார். வருடக்கணக்காகக் கூட்டத்துக்கே வராதவர்.

"எம் மவன் குடிக்கல" என்றார். "அவ்வளவுதான் நான் சொல்லணும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு யாரும் என்னை ஏன் அளந்தாய் என்று கேட்கவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு ஏற்றி, எட்டு வருடத்தில் பழைய வேகத்துக்கு வருவது என்று முடிவானது. அவ்வளவு மெதுவாக வந்தால் முழங்கால்களுக்குத் தெரியாது என்று மருத்துவர் சொன்னார். பதிவேட்டைப் புதிதாக அச்சடிப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும். கீழ்க்கட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேர்வாளர் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டார். மீதி நாலு, முதலாண்டு ஊசலுக்காகக் கழித்தாராம்.

கூட்டம் முடிந்து நான் பெட்டி கட்ட ஓடும்போது இசக்கியக்கா வழிமறித்து ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். "பழைய அலமாரியில கெடந்துச்சு. உன்ன மாதிரி ஒரு கிறுக்கு முன்னாலயும் இருந்திருக்கு. பாரு."

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ரெக்கார்டு நோட்டு. ஒன்பது துளிகள். விடை: 1.58. அதற்குக் கீழே ஒரு வரி: 'எலக்ட்ரான் மாறாது, ஆகவே ஊர் மெதுவாகிக்கொண்டிருக்கிறது.' அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம். மேலுறையில் பெயர்: வே. உலகநாதன்.

தேதியைப் பார்த்ததும் எனக்கு முகம் சூடானது. நான் காப்பியடித்து மாட்டிக்கொண்டேனே, அதே தேதி. அன்று ஒரே ஆய்வகத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் 1.60 எழுதியிருக்கிறார். அந்தக் கிழிந்த நோட்டு யாருடையது என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேற யாரு? நம்ம கோமதிநாயகம் சார் நோட்டுதான். அதுக்குத் தங்கப் பதக்கம் குடுத்தாங்க."

உலகநாதனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். பச்சை டப்பாவின் மேல் எழுதியிருக்கும் பெயர்.

வைத்தியர் கடையில் கூட்டமே இல்லை. கூட்டத்துக்குப் பிறகு யாரும் தைலம் வாங்க வரவில்லை போலும். அவர் உற்சாகமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர்; காதில் ஒரு பென்சில். நான் நோட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஒனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"1.54, அண்ணாச்சி."

அவர் அலமாரியிலிருந்து இந்த வருடத்து டப்பா ஒன்றை எடுத்துக் கவிழ்த்து என் முன் வைத்தார். அடித்தகரத்தில் சின்னதாகக் குத்தியிருந்தது: 1.54. இன்னொன்று எடுத்தார், தூசி படிந்தது. 1.55. அதற்கும் பழையது. 1.56. கடைசியில் துருவேறிய ஒன்று. 1.58.

"ஒவ்வொரு வருசமும் அளந்தீங்களா?"

அவர் பின்கட்டுத் திரையை விலக்கினார். உள்ளே இரண்டு தட்டுகள், ஒரு நுண்ணோக்கி, ஒரு சாவி கொடுக்கும் கடிகாரம். எல்லாம் அவரே செய்தவை. "எண்ணெய்க்கா பஞ்சம்? சொன்னேன், பூஜ்யம் போட்டாங்க. சரி, சொன்னாத்தானே வம்பு, எழுதி வைப்போம்னு அடியில எழுதினேன். ஊருல எல்லார் வீட்டுலயும் இருக்கு. ஒருத்தரும் கவுத்துப் பாக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே தைலம் வித்தீங்களே. பரணி விழுந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "சொல்லியிருக்கணும்" என்றார். "ஒங்க சித்தி வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஒரு தைலக்காரன் சொன்னா யாரு நம்புவான்னு திரும்பிட்டேன். இன்னிக்குக் கூட்டத்துல அவங்க எந்திரிச்சப்ப நானும் எந்திரிச்சிருக்கணும். சாயங்காலம் போறேன்." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். பிறகு, தாங்க முடியாமல், "ஆனா நான் பொய் சொல்லலம்மா. டப்பாவப் படிச்சுப் பாரு. 'முழங்கால் வலி குறையும்'னுதான் போட்டிருக்கேன். தைலத்தாலன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடைசியில் நோட்டை எடுத்து, அந்தச் சிவப்புப் பூஜ்யத்தை விரலால் ஒருமுறை தடவி, மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "கப்பலுக்கு நேரமாச்சுல்லா? ரெண்டு சுத்து பொறு" என்று உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு பச்சை டப்பா இருந்தது. "பூமிக்குப் போற. வச்சுக்கோ."

கப்பல் கிளம்பியபோது தேர்வாளர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் ஆறு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றைத் துக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாளரத்தில் பொருநை சின்னதாகிக்கொண்டே போனது. மெதுவாக, நிதானமாக, கையை நீட்டிய குழந்தையைப்போலச் சுழன்றது. எங்கோ அந்த விளிம்பில் இசக்கியக்கா அரிசிப் பானை மூடிக்கு வேறு கல் தேடிக்கொண்டிருப்பார்.

என் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். புதிதாகக் குத்தியிருந்தது: 1.60.

அதற்குக் கீழே, பென்சிலில், சின்ன எழுத்தில்: 'அங்கே பலிக்காது. வாசனைக்கு மட்டும்.'